பக்கத்து நாற்காலி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் 34 ஆண்டுகள் பி.டி. டீச்சராக வேலை பார்த்து 2014 மே மாதம் ஓய்வு பெற்றவள். பத்திரிகை வந்ததும் விளையாட்டுப் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பேன். முழங்கால் போன பிறகு மைதானத்தோடு எனக்கு மிச்சமிருக்கும் உறவு அது ஒன்றுதான். அந்தப் பக்கத்தைப் பற்றி ஒரு சின்னக் குறை சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத எங்கெங்கோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

குறை இதுதான். ஒரு வீரர் பந்தைச் சுரண்டினால் படம், விதி எண், பழைய வீரர்களின் கருத்து என்று அரைப் பக்கம் வருகிறது. அதே வீரர் மனைவியை அடித்தார் என்று போலீஸில் புகார் போனால் 'குடும்பத் தகராறு' என்று நான்கு வரி. தகராறு என்றால் இரண்டு பேர் சேர்ந்து போட்டுக்கொள்வது. ஒருவர் அடித்து இன்னொருவர் தையல் போட்டுக்கொண்டு வருவதற்கு அந்தச் சொல் பொருந்துமா என்று உங்கள் உதவி ஆசிரியர்கள் ஒரு தடவை யோசிக்கட்டும்.

ஓய்வு பெற்ற கையோடு மகளின் பேறுகாலத்துக்காக அமெரிக்கா போயிருந்தேன். மேரிலாந்து மாநிலம், பால்டிமோருக்குப் பக்கத்தில் எலிகாட் சிட்டி. ஆகஸ்ட் மாதம் போய் இறங்கினால் எங்கு பார்த்தாலும் கத்திரிப்பூ நிறம். ரேவன்ஸ் என்ற உள்ளூர் அணியின் நிறமாம் அது. நாம் கால்பந்து என்று சொல்கிறோமே, அது இல்லை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டி மோதுகிற அமெரிக்கக் கால்பந்து. வெள்ளிக்கிழமை ஆனால் பாங்கில் இருக்கும் பெண் முதல் பள்ளிக்கூடப் பிள்ளை வரை கத்திரிப்பூச் சட்டைதான். நம் ஊரில் செவ்வாடை கட்டிக்கொண்டு மேல்மருவத்தூர் பஸ் ஏறுவார்களே, அந்த மாதிரி ஒரு பக்தி.

மாப்பிள்ளையிடம் 27 என்று எண் போட்ட சட்டை ஒன்று இருந்தது. ரே ரைஸ் என்ற வீரரின் எண். "குட்டையான ஆளுதான் அத்தை. ஆனா மூணு பேரு பிடிச்சாலும் திமிறிக்கிட்டு ஓடிருவாரு" என்று பழைய ஆட்டங்களைப் போட்டுக் காட்டினார். முப்பது வருடம் பெண் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுத்தவளுக்கு அந்தக் கால் வேலை புரியாமல் போகுமா? நல்ல ரெய்டர் ஒருவனைப் பார்க்கிற மாதிரி ரசித்துத்தான் பார்த்தேன். அதைச் சொல்லாமல் மேலே போனால் பொய்யாகிவிடும்.

அந்த ரைஸ் அதே வருடம் பிப்ரவரி 15-ம் தேதி அட்லாண்டிக் சிட்டியில், ஒரு சூதாட்ட விடுதியின் லிஃப்டுக்குள், தனக்கு நிச்சயமாகியிருந்த பெண்ணை முஷ்டியால் குத்தி நினைவிழக்கச் செய்தார். லிஃப்ட் கதவு திறந்ததும் அவரை வெளியே இழுத்துப் போடும் வீடியோ நான்கே நாளில் இணையத்துக்கு வந்துவிட்டது. கையால் அடித்ததில் நினைவு தப்பியது என்று போலீஸ் தாளிலேயே எழுதியிருந்தது. ஆக, யாருக்கும் தெரியாமல் இல்லை. ஜூலை மாதம், அந்த ஆட்டத்தை நடத்தும் என்எஃப்எல் என்கிற லீக் கொடுத்த தண்டனை இரண்டு ஆட்டம். அதே கோடையில், கஞ்சா சோதனையில் திரும்பத் திரும்ப மாட்டிய ஜோஷ் கார்டன் என்ற வீரருக்கு ஒரு வருடத் தடை (அப்புறம் விதியை மாற்றிப் பத்து ஆட்டமாகக் குறைத்தார்கள்). ஊரே திட்டியதும் லீக்கின் கமிஷனர் ராஜர் குடெல், தான் செய்தது சரியில்லை என்று ஆகஸ்ட் கடைசியில் கடிதம் எழுதினார். இனிமேல் வீட்டில் கை நீட்டினால் முதல் தடவை ஆறு ஆட்டம் என்றார்.

செப்டம்பர் 8-ம் தேதி லிஃப்டுக்கு உள்ளே நடந்ததன் வீடியோ வெளியானது. பேத்தி பிறந்து பதினொரு நாள். நான் சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். டிவியில் அந்தக் குத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மகள் அணைக்கச் சொன்னாள். அன்றைய பொழுது சாய்வதற்குள் ரேவன்ஸ் அவரைக் கழற்றிவிட்டது, லீக் காலவரையின்றித் தடை போட்டது. பிப்ரவரியில் விழுந்த அதே குத்துதான். இடையில் அவர் கூடுதலாக எதுவும் செய்யவில்லை.

மூன்று நாள் கழித்து அங்கே ஆட்டம். 27-ம் எண் சட்டை போட்ட பெண்களே மைதானத்துக்கு வந்திருந்ததை டிவியில் காட்டினார்கள். அடுத்த வாரம், ரைஸ் சட்டையைக் கொண்டுவந்தால் வேறு வீரரின் சட்டை தருகிறோம் என்று அணி அறிவித்தது. வெள்ளி, சனி இரண்டு நாளும் ஆயிரக்கணக்கில் வரிசை. மாப்பிள்ளையும் போய் நின்று மாற்றிக்கொண்டு வந்தார். பீட்சாக் கடைக்காரர்கூட அந்தச் சட்டைக்குப் பதில் பீட்சா கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, சொன்னால் மாப்பிள்ளை வருத்தப்படுவாரே என்று பேசாமல் இருந்தேன்.

இதெல்லாம் பலருக்குத் தெரிந்த கதை. எனக்கு உறுத்தியது இதில் எதுவும் இல்லை. ஜூன் மாதம் நடந்த ஒரு கூட்டம். தண்டனை முடிவு செய்வதற்கு முன்னால் கமிஷனர் நியூயார்க் அலுவலகத்தில் ரைஸை விசாரித்தார். அந்தப் பெண்ணையும் விசாரித்தார், ஒரே அறையில். அதற்குள் அவர்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பக்கத்தில் கணவர், எதிரே லீக்கின் தலைவர், சுற்றி அணியின் பெரிய மனிதர்கள். நடுவில் அவரை உட்கார வைத்து, என்னம்மா நடந்தது என்று கேட்டிருக்கிறார்கள். ரைஸுக்கு 2012-ல் போட்ட ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு 3.5 கோடி டாலர். அந்த ஜூன் கூட்டத்துக்கு முந்தின மாதம்தான் நிருபர்களுக்கு முன்னால் அந்தப் பெண்ணையும் உட்கார வைத்து, அன்று இரவு தன் பங்குக்குத் தானும் வருந்துவதாகச் சொல்ல வைத்திருந்தார்கள். அதை அணியே தன் ட்விட்டர் கணக்கில் வேறு போட்டது. (அவர் பெயரை நான் எழுதவில்லை. அந்த லிஃப்ட் படத்தோடு சேர்த்துத்தான் அவர் பெயரை ஊர் நினைவு வைத்திருக்கிறது. என் பங்குக்கு ஒன்று வேண்டாம்.)

அந்த ஜூன் கூட்டத்தைப் பற்றி மகள் வாசித்துச் சொன்னபோது எனக்கு 1979 ஞாபகம் வந்துவிட்டது.

என் அக்கா வீட்டுக்காரர் கைப்பந்து வீரர். மூன்று மாவட்டத்து மின்னொளிப் போட்டிகளில் அவர் ஸ்மாஷைப் பார்க்கவே ஆள் வரும். விளையாட்டை வைத்தே ஒரு துறையில் வேலை கிடைத்தது, அந்தத் துறை அணிக்கு ஆடினார். வெளியில் தங்கமான மனுஷன். எங்கள் அப்பாவுக்கு அவர் வாங்கி வந்த சுழற்கோப்பைகளைத் துடைத்து வைப்பதில் அவ்வளவு பெருமை. தோற்றுவிட்டு வந்த ராத்திரிகளில் அக்கா அடி வாங்குவாள். ஜெயித்த ராத்திரிகளில் குடித்துவிட்டு வருவார், அப்போதும் வாங்குவாள். அந்தத் தடவை உதடு கிழிந்து மூன்று தையல். இடது கண்ணுக்குக் கீழே நாவல்பழ நிறத்தில் கன்றிப்போயிருந்தது. அக்கா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அம்மா பயந்தவள், ஆனாலும் அந்த ஒரு நாள் எப்படியோ துணிந்து துறையின் மேலதிகாரிக்கு ஒரு காகிதம் எழுதிப் போட்டுவிட்டாள். எழுதியது என் கையெழுத்தில்.

பத்து நாள் கழித்து அணியின் மேலாளர் வந்தார். கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், நான்கு ஆப்பிள். கூடவே அத்தானையும் கூட்டி வந்திருந்தார். முன் அறையில் மூன்று நாற்காலிதான் எங்களுக்கு. ஒன்றில் மேலாளர், ஒன்றில் அத்தான். "நீயும் உக்காரும்மா, நின்னுக்கிட்டு இருக்கியே" என்று மூன்றாவதில் அக்காவை உட்கார வைத்தார். அத்தான் முழங்கையும் அக்கா முழங்கையும் உரசுகிற தூரம். நான் காப்பித் தட்டோடு கதவோரம் நின்றேன்.

"எங்கிட்ட பயப்படாமச் சொல்லும்மா. உங்க அப்பா மாதிரி நெனச்சுக்க. இவன் உன்னைய அடிச்சானா?"

அக்கா தரையைப் பார்த்தாள். "கெணத்தடியில பாசி. வழுக்கி விழுந்துட்டேன் சார்."

மேலாளர் எங்கள் அம்மாவைத் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அதில் கோபம் இல்லை, நிம்மதிதான் இருந்தது. "பாருங்கம்மா, புள்ளையே சொல்லிருச்சு. அடுத்த வாரம் பெரிய டோர்னமென்ட். அது முடியட்டும், நானே கூப்பிட்டு வச்சுக் கண்டிக்கிறேன். இந்தக் காகிதம் மேல போச்சுன்னா வேலை போயிரும். வேலை போனா சோத்துக்குக் கஷ்டப்படப்போறது யாரு? உங்க மகதானே?" அவர் சொன்னதில் கடைசி வரி உண்மை. அதுதான் கொடுமை. அக்கா அன்று சாயங்காலமே கிளம்பிப் போய்விட்டாள். அணி அந்தக் கோப்பையை ஜெயித்தது.

அத்தான் காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது. அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "ஊரு, துறை, பேரு ஒண்ணும் போட்றாத" என்றாள். போடவில்லை.

நியூயார்க்கில் நடந்ததும் எங்கள் முன் அறையில் நடந்ததும் ஒன்றுதான் என்று நான் சொல்வேன். 2014 நவம்பர் 28-ம் தேதி, பார்பரா ஜோன்ஸ் என்ற முன்னாள் நீதிபதி ரைஸின் தடையை ரத்து செய்தார். லிஃப்டில் நடந்ததை ரைஸ் திரித்துச் சொல்லிவிட்டார் என்று லீக் வாதாடியது. இல்லை, ஜூன் மாதக் கூட்டத்தில் அவர் கமிஷனரை ஏமாற்றவில்லை, ஒரே தப்புக்கு இரண்டு தண்டனை கொடுக்கக் கூடாது என்று அந்த அம்மாள் தீர்ப்பு எழுதினார். பலருக்குக் கோபம். எனக்கு அந்தத் தீர்ப்பு சரியாகவே பட்டது. என்ன நடந்தது என்பதைக் கேட்டுக்கொண்டுதான் இரண்டு ஆட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்று அது ஊருக்குக் காட்டிவிட்டதே! ரைஸ் அதன்பின் எந்த அணிக்கும் ஆடவில்லை. எஃப்பிஐயின் முன்னாள் தலைவர் ராபர்ட் மல்லரை வைத்து லீக் நடத்திய விசாரணையின் அறிக்கை 2015 ஜனவரியில் வந்தது. உள்ளே எடுத்த வீடியோவை லீக் முன்பே பார்த்ததற்கு ஆதாரம் இல்லை என்றது. ஆனால் அது இல்லாமலே தோண்டித் துருவ வேண்டிய அளவுக்குத் தகவல் கையில் இருந்தது என்றும் சொன்னது.

சரி, விதியை மாற்றினார்களே, அப்புறமாவது திருந்தியதா? ஜோஷ் பிரவுன் என்று ஒருவர், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் பந்தை உதைப்பவர். 2015-ல் மனைவியைத் தாக்கியதாகக் கைதானார். புது விதிப்படி ஆறு ஆட்டம் என்று நீங்கள் கணக்குப் போடுவீர்கள். 2016-ல் லீக் கொடுத்தது ஒரு ஆட்டம். மனைவி விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். அதே வருடம் ஜனவரியில் ஒரு போட்டிக்காக ஹோட்டலில் தங்கியிருந்தபோது, அந்தப் பெண்ணைக் கணவரிடமிருந்து காப்பாற்றி வேறு அறைக்கு மாற்றியதே லீக்கின் பாதுகாப்பு ஆட்கள்தான்! பிறகு பிரவுன் தன் கைப்படத் தான் அடித்ததை எழுதிவைத்த தாள்கள் வெளியே வந்ததும் அணி கழற்றிவிட்டது. அதற்குச் சில நாள் முன்னால் அணி உரிமையாளர், மனைவியைக் கொடுமைப்படுத்தியதை அவர் எங்களிடம் ஒப்புக்கொண்டார், எந்த அளவுக்கு என்பதுதான் தெளிவாக இல்லை என்று வானொலியில் பேசினார். அளவு! மூன்று தையலா, நாலு தையலா என்று கேட்கிறார் போலிருக்கிறது.

பேஸ்பால்காரர்கள் கொஞ்சம் மேல். 2015 ஆகஸ்டில் லீக்கும் வீரர்கள் சங்கமும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு விதிமுறை எழுதினார்கள். அதில் எனக்குப் பிடித்த விஷயம், கோர்ட்டில் தண்டனை ஆகியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஹோசே ரேயஸ் என்ற வீரரை ஹவாயில் கைது செய்தார்கள். மனைவி சாட்சி சொல்ல வராததால் வழக்கு விழுந்துவிட்டது. நம் ஊர் என்றால் அத்தோடு வெடி போட்டிருப்பார்கள். லீக் தானே விசாரித்து 51 ஆட்டம் சம்பளமில்லாமல் உட்கார வைத்தது. அவள் வாயைத் திறந்தால்தான் நாங்கள் எழுவோம் என்று சொல்லாமல், தங்கள் வேலையைத் தாங்கள் செய்தார்கள்.

ஆனால் அங்கேயும் சந்தை சும்மா இருக்குமா? அரோல்டிஸ் சாப்மன் என்ற பந்துவீச்சாளர், மணிக்கு 100 மைலுக்கு மேல் எறிபவர். கழுத்தைப் பிடித்து நெரித்தார் என்று அவருடன் வாழ்ந்த பெண் போலீஸிடம் சொன்னார். அதே ராத்திரி சாப்மன் கார் நிறுத்தும் கொட்டகையில் எட்டு முறை துப்பாக்கியால் சுட்டார். பெண்ணுக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை என்று அவர் மறுத்தார், வழக்கும் பதிவாகவில்லை. செய்தி வெளியே வந்ததும் அவரை வாங்கவிருந்த அணி பின்வாங்கியது. நியூயார்க் யாங்கீஸ், மலிந்த விலைக்கு அவரை எடுத்துக்கொண்டது. லீக் 30 ஆட்டத் தடை போட்டது. அது முடிந்து வந்து அவர் நன்றாக எறிந்ததும், ஜூலையில் சிகாகோ கப்ஸுக்கு நல்ல விலைக்கு மாற்றிவிட்டார்கள். கப்ஸ் 108 வருடம் கழித்துக் கோப்பை ஜெயித்தது. டிசம்பரில் யாங்கீஸே அவரைத் திரும்பவும் 8.6 கோடி டாலருக்கு எடுத்தது. ஆடித் தள்ளுபடியில் வாங்கித் தீபாவளிக்கு விற்ற கதைதான். அந்தப் பெண்ணின் அழுகையில் யாருக்கோ லாபம் வந்திருக்கிறது, அவளுக்கு மட்டும் வரவில்லை.

நம் வீட்டுக்கு வருவோம். முகமது ஷமி மீது 2018 மார்ச்சில் அவர் மனைவி கொடுமைப் புகார் கொடுத்தார். ஷமி எல்லாவற்றையும் மறுத்தார், அது கோர்ட்டுக்கும் போனது. யார் சொல்வது உண்மை என்று தீர்ப்பு சொல்ல எனக்கு அருகதை இல்லை. அவர் பந்துவீச்சு எனக்குப் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தது கிரிக்கெட் வாரியத்தை. அவருடைய ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது. ஊழல் தடுப்புப் பிரிவின் தலைவர் நீரஜ் குமாரை விசாரிக்கச் சொன்னது. எதை? புகாரில் ஓரமாக வந்த பண விவகாரத்தை, அதாவது சூதாட்டத் தொடர்பு உண்டா என்பதை மட்டும். இரண்டு வாரத்தில், அப்படி ஒன்றும் இல்லை என்று அறிக்கை வந்தது. உடனே 3 கோடி ரூபாய் ஒப்பந்தம் கைக்கு வந்தது. பணம் வாங்கினாரா என்று கேட்க வாரியத்திடம் ஆள் இருந்தது, விதி இருந்தது, வேகமும் இருந்தது. அடித்தாரா என்பது குடும்ப விஷயம், கோர்ட் பார்த்துக்கொள்ளும். அப்படி நியாயமாக விசாரித்திருந்தால், ஷமி நிரபராதி என்றால் அதுவும் அன்றைக்கே தெளிவாகியிருக்குமே?

பொய்ப் புகார் வராதா என்று என் தம்பி கேட்கிறான். வரும். ஆஸ்திரேலியாவின் ரக்பி லீக் 2019-ல் ஒரு ஏற்பாடு கொண்டுவந்தது. பெரிய குற்றச்சாட்டு பதிவானால் வீரர் ஒதுங்கியிருக்க வேண்டும். ஆனால் சம்பளம் முழுசாக வரும், குற்றவாளி என்ற பெயரும் இல்லை. அதில் ஒதுக்கப்பட்ட முதல் ஆள் இரண்டு வருடத்துக்கு மேல் வெளியே உட்கார்ந்தார். பொதுமக்களிலிருந்து எடுக்கும் ஜூரிக் குழு முடிவுக்கு வர முடியாமல், கடைசியில் வழக்கே கைவிடப்பட்டது. அது பாலியல் வழக்கு, வீட்டு அடிதடி இல்லை. ஆனாலும் அவருடைய இரண்டு வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள் என்பது நியாயமான கேள்விதான். எனக்கும் அதற்கு முழுப் பதில் கிடையாது. சம்பளம் நிற்காமல் இருப்பது நல்லது என்று மட்டும் தோன்றுகிறது. சம்பளம் நின்றுவிடும் என்ற பயம்தானே எங்கள் அக்காவைக் கிணற்றடியில் வழுக்கி விழ வைத்தது.

தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள் என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006-லிருந்து நடப்பில் இருக்கிறது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் போன் போடலாம். இதெல்லாம் அக்கா காலத்தில் இல்லை. ஆனால் விளையாட்டுக் கோட்டாவில் ஆள் எடுக்கும் துறைகள் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. கூடவே இப்போது ஐபிஎல், புரோ கபடி, டிஎன்பிஎல் என்று வந்துவிட்டன. என் மாணவிகளில் இரண்டு பேர் வீரர்களைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் விளையாட்டு நிருபர்கள் ஏலத்துக்குப் போகிறார்கள், கோப்பை அறிமுக விழாவுக்குப் போகிறார்கள். அடுத்த முறை போகும்போது, பக்கத்தில் உட்காரும் அதிகாரியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ஒரு வீரரின் மனைவி உங்களுக்குப் புகார் எழுதினால் அதை யார் வாங்குவார், அணியிடம் சம்பளம் வாங்காத ஒரு பெண் அந்த மனைவியைத் தனியாகச் சந்திப்பாரா, அவள் வீட்டு வாடகைக்கு அதுவரை யார் பொறுப்பு? எண்ணிப் பார்த்தால் மூன்று கேள்வி ஆகிவிட்டது, பரவாயில்லை. என்ன பதில் வருகிறதோ அதை அப்படியே போடுங்கள். பதில் வராவிட்டால் அதையும் போடுங்கள்.

கடிதம் நீண்டுவிட்டது. வெட்டுவதானால் அமெரிக்கக் கதையில் வெட்டிக்கொள்ளுங்கள், முன் அறையில் கை வைக்க வேண்டாம். என் பெயரை வெளியிட வேண்டாம், ஊர் மட்டும் போதும். அக்கா வீட்டிலும் உங்கள் பத்திரிகைதான். விளையாட்டுப் பக்கத்தை மட்டும் பிரிக்காமல் மடித்து அலமாரித் தட்டில் விரித்துவிடுவாள். இது வந்தால் எந்தப் பக்கம், எந்தத் தேதி என்று முன்கூட்டியே சொல்லச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
போடிநாயக்கனூர்.